வேறொரு நாடாக நின்ற மலைகள்

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் நெறியாள்கையில் 1984ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' என்னும் திரைப்படத்தில், வரண்டு வெடித்த இந்தியக் கிராமமொன்றில் முதியவர் ஒருவர் அமர்ந்து பேசும் காட்சி உண்டு. கிராமத்தைக் காத்துவந்த புனிதக் கல் களவாடப்பட்டதையும், அதன்பின் நீர் வற்றியதையும், குழந்தைகள் கவர்ந்து செல்லப்பட்டதையும் அவர் எடுத்துரைக்கின்றார். ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துகின்றார். கண்கள் எங்கோ நிலைகுத்தி நிற்கின்றன. சற்று நீண்ட மௌனத்தின் பின்னரே அடுத்த வாக்கியம் பிறக்கின்றது. கீழைத்தேயத்து ஞானியொருவரின் நிதானம் அது என்றே மேலைநாட்டுப் பார்வையாளர் கொண்டனர். அவ்வாறு கொள்வதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்தது. காட்சி அத்துணை அமைதியுடையது.

அம்முதியவராக நடித்தவர் இலங்கையரான டி. ஆர். நாணயக்கார. சிங்களத் திரையில் நகைச்சுவைப் பாத்திரங்களாலும் குணச்சித்திரப் பாத்திரங்களாலும் நீண்டகாலம் அறியப்பட்டவர். அவருக்கு ஆங்கிலம் கைவந்திருக்கவில்லை என்றும், கமெராவுக்கு அப்பால் நின்ற நெறியாளர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்க, அவ்வோசையை அவ்வாறே திருப்பிச் சொன்னார் என்றும், மௌனங்கள் யாவும் அடுத்த வரிக்காகக் காத்திருந்த கணங்களே என்றும் இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பலகாலமாகச் சொல்லி வருகின்றனர். இதனை வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரிப்பதே வழக்கம். ஆயின் சிரிப்புக்குரியது இதில் யாது? பொருள் தெரியாத மொழியின் சொற்களை வாங்கி, அவற்றுக்குத் தன் முகத்தையும் குரலையும் வயதையும் கொடுத்து, கேட்போர் நெஞ்சில் அச்சத்தையும் இரக்கத்தையும் தோற்றுவிப்பது எளிதன்று. மொழியறிந்த நடிகர் பலருக்கும் அஃது கைகூடுவதில்லை.

நாணயக்காரவின் பெயரோடு இன்னொரு செய்தியும் சேர்ந்து நிற்கின்றது. 1956இன் இறுதியில் வெளிவந்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைப்படத்திலும் அவர் நடித்திருந்தார். அதுவரை சிங்களத் திரைப்படம் பெரும்பாலும் தென்னிந்தியக் கலையகங்களிலும் அவற்றின் பாணியிலுமே உருவாகி வந்தது. சிங்களக் கிராமம் எனத் திரையில் காட்டப்பட்டது இந்தியக் கலையகத்து அட்டைச் சுவராக இருப்பதும் உண்டு. 'ரேகாவ' கலையகத்தை விட்டு வெளியேறி, இலங்கைக் கிராமத்து வெயிலிலேயே படமானது. இலங்கையின் மண் இலங்கையாகவே திரையில் தோன்ற வேண்டும் என்ற முயற்சியில் பங்குகொண்ட நடிகர், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, அதே மண்ணில், இந்தியக் கிராமத்துப் பெரியவராக அமர்த்தப்பட்டார். திரைப்பட வரலாறு இவ்வாறான குறும்புகளை அவ்வப்போது செய்வதுண்டு.

பாத்திரத் தேர்வு என்பது நடிகர்களை மட்டும் பற்றியதெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. இப்படத்தில் முதலில் தேர்வு செய்யப்பட வேண்டியிருந்தது ஒரு நாடு. கதை 1935இல் இந்தியாவில் நிகழ்கின்றது. ஜெய்ப்பூரின் ஆம்பேர் கோட்டை உள்ளிட்ட இடங்களில் படம்பிடிக்கவே தயாரிப்பாளர் எண்ணினர். திரைக்கதையைப் படித்த இந்திய அதிகாரிகள் அது நாட்டை இழிவுபடுத்துவதாகக் கண்டனர், மாற்றங்கள் வேண்டினர், 'மகாராஜா' என்னும் சொல்லையே நீக்குமாறு கேட்டனர், இறுதித் தொகுப்பின்மீதும் உரிமை கோரினர். கதையை உருவாக்கிய ஜோர்ஜ் லூகாஸின் நிறுவனம் இதற்கு இசையவில்லை. இந்தியா கைவிடப்பட்டது, கண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. அரண்மனையின் தொலைதூரத் தோற்றம் கண்ணாடியில் தீட்டிய ஓவியமாகவும் சிறு மாதிரியுருவாகவும் ஆயிற்று. முதன்மை நடிகர் வர மறுத்தால் மாற்றுநடிகரை அழைப்பது போன்றதே இது. 1983 ஏப்ரலில் படக்குழு கண்டிக்கு வந்திறங்கியது.

இலங்கைக்கு இவ்வேடம் புதியதன்று. டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957இல் வெளிவந்தபோது, கித்துல்கலையின் களனி கங்கையே சயாம் நாட்டு ஆறாக ஓடிற்று. அதற்கு முன்னர், 1954இல் வந்த 'த பேர்ப்பிள் பிளெயின்' படத்துக்காகப் பர்மாவாகவும், 1981இல் 'டாஸன்' கதையொன்றுக்காக ஆபிரிக்காவாகவும் இந்தத் தீவு நின்றது. பின்னாளில், வாரணாசியில் படம்பிடிக்க விடாமல் விரட்டப்பட்ட தீபா மேத்தாவின் 'வோட்டர்' இலங்கையிலேயே படமாகி 2005இல் வெளிவந்தது. அவரது 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படத்துக்காகப் பம்பாயாகவும் இலங்கை நடித்துக் கொடுத்தது. குவாய் படப்பிடிப்பால் இளமையிலேயே ஈர்க்கப்பட்டவரான சந்திரன் இரத்தினம், ஸ்பீல்பேர்க்கின் குழு வந்தபோது இலங்கைப் படப்பிடிப்பு ஏற்பாடுகளில் பங்குகொண்டார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஒரு நாடு தன் முகத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது, அதற்கென ஒரு தொழிற்பரம்பரையும் தோன்றிவிடுகின்றது.

கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்டவற்றுள் மறக்க முடியாதது தொங்குபாலக் காட்சியே. ஆழ்ந்த பள்ளத்தாக்கின் இரு கரைகளையும் இணைத்துக் கயிறும் பலகையுமாகத் தோன்றும் பாலம், நடுவில் கதாநாயகன், இருபுறமும் பகைவர். அப்பாலம் கண்ணுக்குத்தான் கயிற்றுப்பாலம்; அதனைத் தாங்கியவை உருக்கு வடங்கள். மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா அணைக்கட்டு அப்போது எழுந்து கொண்டிருந்தது. பிரித்தானிய உதவியோடு நடைபெற்ற அவ்வேலைக்காக வந்திருந்த பொறியியலாளர்களே படக்குழுவுக்காக இப்பாலத்தையும் அமைத்துக் கொடுத்தனர். ஒரு பள்ளத்தாக்கை நீரால் நிரப்பவந்த கைகள், இன்னொன்றின்மேல் அறுத்தெறிவதற்கென்றே ஒரு பாலத்தைக் கட்டின. பொறியியற் பீடத்து மாணவர்க்கு இது சுவையான பாடமாகலாம்: நிலைத்து நிற்பதற்கான கணக்கும், குறித்த கணத்தில் அறுந்து விழுவதற்கான கணக்கும் ஒரே மேசையில் போடப்பட்டன.

பாலம் கட்டி முடிந்ததும், கதாநாயகன் ஹரிசன் போர்ட் அதன்மேல் ஓடியே அக்கரை சேர்ந்தாராம். உயரமென்றால் அஞ்சுபவரான ஸ்பீல்பேர்க்குக்கு அதன் நடுப்பகுதி வரை செல்லவும் துணிவு வரவில்லை; மறுகரைக்குச் செல்ல வேண்டியபோதெல்லாம் வண்டியேறிச் சுற்றுவழியே போனார். தான் நடக்க அஞ்சிய பாலத்தில் பிறரை நிறுத்திப் படம்பிடித்ததற்காக அவரைக் குறை கூறுவதற்கில்லை. பார்வையாளரின் வயிற்றில் எழவேண்டிய கலக்கம் எத்தகையது என்பது அஞ்சுபவருக்கே நன்கு தெரியும்.

பாலம் அறுபடும் காட்சியை ஒருமுறைதான் எடுக்க முடியும். உருக்கு வடங்களில் வெடிகள் பொருத்தப்பட்டன. பல கோணங்களில் கமெராக்கள் நிறுத்தப்பட்டன. மனிதரை விழச் செய்ய முடியாதாகையால், கையும் காலும் உதறிக்கொள்ளுமாறு பொறி வைத்த பொம்மைகள் உடையணிவித்துப் பாலத்தின்மேல் நிறுத்தப்பட்டன. வெடி வெடித்தது, பாலம் இரண்டாகி இரு கரைப் பாறைகளிலும் மோதிற்று, பொம்மைகள் உதறிக்கொண்டே வீழ்ந்தன. அதன்பின் பாறையோடு தொங்கும் பாலத்தில் நடக்கும் அண்மைக் காட்சிகளோ இலண்டனுக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரீ கலையகத்தில் எடுக்கப்பட்டவை. ஆதலால் திரையில் ஒரு மனிதன் கண்டியில் பிடி நழுவி, எல்ஸ்ரீயில் பலகையைப் பற்றிக்கொள்கின்றான். இரண்டுக்கும் இடையே உள்ள ஆயிரக்கணக்கான மைல்களைத் தொகுப்பாளரின் கத்தரிக்கோல் ஒரு கணத்தில் இல்லாமலாக்கிவிட்டது.

இலங்கையில் யானைமீது ஏறியிறங்கிய நாட்களில் போர்ட்டின் முதுகு நோவெடுக்கத் தொடங்கியது. முள்ளந்தண்டின் இடைவட்டு பிதுங்கியிருந்தது. இலண்டனில் சண்டைக் காட்சியொன்றின் பின் நிலைமை முற்றிற்று. சிகிச்சைக்காக அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். படப்பிடிப்பு அதற்காக முற்றாக நின்றுவிடவில்லை. விக் ஆம்ஸ்ட்ரோங் என்னும் பிரித்தானிய மாற்றுநடிகர், தமிழ்த் திரையுலகின் வழக்கில் 'டூப்', பல வாரங்கள் தொப்பியும் சவுக்கும் ஏந்திக் கதாநாயகனாக நின்றார். சுரங்கத்தில் நகரும் பட்டியின்மேல் நிகழும் பெருஞ்சண்டையில் தூரக் காட்சிகளில் தெரியும் முதுகு பெரும்பாலும் அவருடையதே. போர்ட் திரும்பி வந்தபின் முகம் தெரியும் துண்டுகள் எடுக்கப்பட்டு இடையிடையே பொருத்தப்பட்டன. இரசிகர் கைதட்டிய வீரம் ஒருவருடைய முதுகும் மற்றொருவருடைய முகமும் சேர்ந்தது. கூலியும் புகழும் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு சென்றன என்று கேட்க வேண்டியதில்லை.

யானைகளைப் பற்றிய பேச்சோடு ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடலாம். கதாநாயகி கேற் கப்ஷோவுக்கென ஆடை வடிவமைப்பாளர் அந்தனி பவல் பழங்கால மணிகளைக் கொண்டு செய்வித்த விலையுயர்ந்த சிவப்பு அங்கியின் ஒரு பகுதியை யானையொன்று மென்று தின்றுவிட்டது. காப்புறுதிப் படிவத்தில் சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில் யானை உண்டது என்று எழுத நேர்ந்ததாம். இலங்கையின் பிரசைகளுள் இப்படத்தோடு தன் கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகத் தெரிவித்தது அவ்யானை மாத்திரமே போலும்.

கிராமக் காட்சிகளில் நாணயக்காரவைச் சூழ்ந்து நிற்போரின் முகங்களை நின்று பார்த்தல் வேண்டும். தலைவராகத் தோன்றுபவர் தர்மதாச குருப்பு. பெண்களுள் ரூபி டி மெல், தெனவக்க ஹாமினே, ஐராங்கனி சேரசிங்க ஆகியோர் உள்ளனர். பெயர்ப்பட்டியலில் இப்பெண்கள் மூவருக்கும் எதிரே இருப்பது 'கிராமத்துப் பெண்' என்னும் விவரணம் மட்டுமே. ஐராங்கனி சேரசிங்க இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லுடவைக்கின் நாடக முயற்சிகளில் பயின்று, இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் மேற்பயிற்சி பெற்று, 'ரேகாவ'வில் தாயாக நடித்துச் சிங்களத் திரையின் தாய்மை வடிவமாகவே மதிக்கப்பட்டவர். ஆங்கில நாடக மேடையில் தேர்ந்த ஒருவர், ஆங்கிலத் திரைப்படமொன்றில், ஆங்கிலம் அறியாத கிராமத்தவளாகக் கூட்டத்துள் நின்றார். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு அவர் முகம் தேவைப்பட்டது, கலை தேவைப்படவில்லை. அவரோ அந்தச் சில விநாடிகளையும் வீணாக்கவில்லை. இழந்த குழந்தைகளுக்காக ஏங்கும் அம்முகங்கள் இல்லையெனில், கதாநாயகன் எதற்காகப் போராடுகின்றான் என்பதே பார்வையாளருக்கு உறைத்திராது.

அக்கிராமத்தார் தமக்குள் பேசுவது சிங்களம். வட இந்தியாவில் எங்கோ உள்ளதெனக் கதை சொல்லும் மாயாப்பூரில் சிங்களம் ஒலிக்கின்றது. ஹொலிவூட்டின் செவிக்கு அஃது இந்திய மொழி. அவ்வளவில் விடயம் முடிந்தது. இலங்கையர் எவரும் இதனைக் கேட்டதும் நகைக்காமல் இருக்க முடியாது. எனினும் தன் மொழி வேறெதற்கோ ஒலிப்பின்னணியாகிவிடுவதைக் கேட்பது நகைப்போடு மட்டும் நின்றுவிடுவதுமன்று. இத்தகைய அலட்சியம் மேலைத்தேயத்தாருக்கே உரியது எனக் கொள்வதும் முறையன்று. தமிழ்த் திரையில் வேற்றுமொழியாளர் எவ்வாறு பேசவைக்கப்படுகின்றனர் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

படத்தின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. கதை எழுத மறுத்தவருள் முந்திய இன்டியானா ஜோன்ஸ் படத்தின் திரைக்கதையாசிரியரான லோரன்ஸ் காஸ்டனும் ஒருவர். அக்கதையின் கொடுமை அவருக்கு ஒவ்வவில்லை. பின்னர் அதனை எழுதியவர்கள் வில்லர்ட் ஹயிக், குளோறியா காட்ஸ் தம்பதியர். அரண்மனை விருந்தில் பாம்பும் வண்டும் கண்விழிச் சாறும் குரங்கு மூளையும் பரிமாறப்படுகின்றன. காளி வழிபாடு நரபலிக் கூட்டத்தின் சமயமாக, இதயத்தைக் கையால் பறித்தெடுக்கும் சடங்காகச் சித்திரிக்கப்படுகின்றது. இறுதியில் பிரித்தானியப் படை வந்து காப்பாற்றுகின்றது. 1939இல் வந்த 'கங்கா டின்' படத்தின் வாரிசு இது. அப்படத்தின் இந்தியா கலிபோர்னியாவின் பாறைகளுக்கிடையே உருவானது. ஆக, ஹொலிவூட் ஒருபோதும் இந்தியாவுக்குச் சென்று பார்க்காமலே தன் இந்தியாவைத் தானே பிரதிசெய்து கொண்டது. கண்டியின் மலைகளோ தோட்டத்துக்கொரு மாரியம்மனும் காளியம்மனுமாக வழிபாடு விளங்கும் இடம். காளியைத் தாயென அழைத்து ஆடித் திருவிழா எடுக்கும் மக்கள் வாழும் மலைகளை வைத்தே, காளியை இரத்தப்பசி கொண்ட பேயாக்கிய கதை சொல்லப்பட்டது. இதனைக் கற்பனைக் களியாட்டம் என்று மன்னிப்போர் உளர். களியாட்டத்தில் எவர் செலவில் சிரிப்பு நடக்கின்றது என்பதைக் கேட்டறிவதும் திறனாய்வின் கடனேயாகும். படம் இந்தியாவில் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது.

இத்துணைக் குறையுள்ள கதைக்கு உயிரூட்டிய நடிகர் இந்தியர் என்பது இன்னொரு முரண். பூசாரி மோலா ராமாக வந்த அம்ரிஷ் பூரி பம்பாயில் ஊழியர் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடையில் வளர்ந்தவர். திரைக்கு வந்தது நடுவயதில். ஸ்பீல்பேர்க்கின் அழைப்பு வந்தபோது ஹிந்திப் படங்கள் பலவற்றில் ஒரே காலத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா சென்று நடித்துக்காட்ட அவர் இசையவில்லை. வேண்டுமாயின் தம் படப்பிடிப்புக்கு வந்து பார்க்கலாம் என்றார். இப்பாத்திரத்துக்காக மழித்த தலையே பின்னாளில் அவருடைய அடையாளமாயிற்று. 1991இல் 'தளபதி'யில் அவரைக் கண்ட தமிழ் இரசிகர், அத்தலையின் வரலாறு எல்ஸ்ரீ கலையகத்தில் தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் அறியார். 2005இல் மறையும்வரை இப்படத்தில் நடித்ததற்காக அவர் வருந்தவில்லை. தாம் நாட்டுக்கு மாறான எதனையும் செய்ததாக அவர் கருதவுமில்லை. ரிச்சர்ட் அற்றன்பரோவின் 'காந்தி'யில் 1982இல் ஜவகர்லால் நேருவாக நின்ற றோஷன் சேத், இரண்டே ஆண்டுகளின் பின் இங்கு நஞ்சுமனம் கொண்ட அமைச்சராக வருகின்றார். அப்போதைய மேலைத்திரையில் இந்திய நடிகருக்கு இருந்த பாதைகள் இவ்விரண்டே: தேசபிதாவின் பக்கத்தில் நிற்கலாம், அன்றேல் நரபலிக் குகையில் நிற்கலாம்.

எனினும் இப்படத்தின் பாத்திரத் தேர்வுகளுள் மிகவும் நெஞ்சைத் தொடுவது ஒரு சிறுவனுடையது. ஜோன்ஸின் துணைவனாகிய 'ஷோர்ட் ரவுண்ட்' பாத்திரத்துக்காகச் சிறுவனொருவனைத் தேடித் தேர்வாளர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீனர் குடியிருப்பிலுள்ள பாடசாலையொன்றுக்கு வந்தனர். நடித்துக்காட்ட வந்தவன் ஒருவன். அவனுடன் துணைக்கு வந்தவன் அவன் தமையன். தம்பி நடிக்கும்போது, அப்படிச் செய், இப்படிச் செய் என்று பக்கத்தில் நின்று இடைவிடாது சொல்லிக் கொடுத்தான் தமையன். தேர்வாளரின் கண் தமையன்மீது விழுந்தது. ஸ்பீல்பேர்க் அவனைப் போர்ட்டுடன் இருத்தி, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதாகச் சண்டையிடுமாறு விட்டார். அவன் பெயர் கே ஹுய் குவான்.

குவான் 1971இல் சைகோனில், சீன வழிவந்த குடும்பத்தில் பிறந்தவன். 1978இல் அக்குடும்பம் வியட்நாமைவிட்டுத் தப்பியது. ஒரே படகில் எல்லோரும் செல்லவில்லை. தந்தையோடும் உடன்பிறந்தோர் சிலரோடும் அவன் ஹொங்கொங் அகதி முகாமை அடைந்தான். தாயும் ஏனையோரும் மலேசியாவுக்குப் போயினர். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் குடும்பம் மீண்டும் ஒன்றாயிற்று. படத்தில் அவன் நடித்த பாத்திரம் ஷங்காய்க் குண்டுவீச்சில் பெற்றோரை இழந்த அனாதை. போரினால் இடம்பெயர்ந்த குழந்தையொன்று, போரினால் அனாதையான குழந்தையாக நடித்து, உலகத்தைச் சிரிக்க வைத்தது. அகதி என்னும் சொல் தன் மொழியில் எவ்வளவு கனமுடையது என்பதை அறிந்த எவரும் அச்சிரிப்பை இலேசாகக் கடந்து செல்ல இயலாது.

அதன்பின் 1985இல் 'த கூனிஸ்' வந்தது. பிறகு வாய்ப்புகள் அருகின. ஆசிய முகத்துக்கு அந்நாளில் ஹொலிவூட் வைத்திருந்த இடம் மிகச் சிறியது. சிறுவன் வளர்ந்தபோது அவ்விடத்துக்குள் அடங்கவில்லை. அவர் திரைப்படக்கலை பயின்று, சண்டைப் பயிற்சியாளர்களின் உதவியாளராகத் திரைக்குப் பின்னே போய்விட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடிக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் மீண்டும் முயன்று, 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஓல் அட் வன்ஸ்' படத்துக்காக 2023 மார்ச்சில் சிறந்த துணைநடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். வியட்நாமிற் பிறந்து அவ்விருதைப் பெற்ற முதல் நடிகர் அவரே. மேடையில் அவர் முதலில் நினைத்தது வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த தாயை. பின் பேசியது படகையும் முகாமையும் பற்றி. அன்றிரவு சிறந்த படத்துக்கான விருதும் அப்படத்துக்கே கிடைத்தது. அதனை அறிவித்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்டியின் பள்ளத்தாக்கில் அச்சிறுவனுடன் நின்ற ஹரிசன் போர்ட். இருவரும் மேடையில் தழுவிக்கொண்டனர். நரைத்த இருவரின் அத்தழுவலை எந்த நெறியாளரும் திட்டமிட்டு எடுத்திருக்க முடியாது.

கண்டியின் மலைகளுக்கு இத்தகைய மீள்வரவு எளிதில் வாய்க்கவில்லை. படக்குழு 1983 மே மாதத்தில் இலங்கையை விட்டு இலண்டன் சென்றது. அதன்பின் மூன்று மாதங்கள் நிறையுமுன் யூலை வந்தது. கொழும்பில் மூண்ட தீ சில நாட்களில் கண்டியையும் எட்டிற்று. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. படத்தின் காட்சிகள் கலையகத்தில் பாதுகாப்போடு தயாராகிக் கொண்டிருந்த அதே வாரங்களில், மாயாப்பூர் கிராமம் நின்ற மாவட்டத்தில் எவரும் ஒத்திகை பார்க்காத தீ எரிந்தது.

அம்மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு 'இந்தியா' என்னும் சொல் திரைக்கதையிலிருந்து வந்ததன்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் எனவும் விட்டது. 1974இல் அத்தொகையை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளியோர், தாம் காணாத ஊர்களுக்கு, தகரப்பெட்டியும் பாயுமாக, கண்டியிலும் ஏனைய மலைநாட்டு நிலையங்களிலும் இரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்றனர். அவர்களிடம், நீங்கள் இந்தியர் என்று கூறப்பட்டது. அவர்கள் மரம் நட்ட மலைகளிடம், சில வாரங்களுக்கு மட்டும் நீ இந்தியாவாக இரு என்று கூறப்பட்டது. மலைகளுக்கு வாடகை கிடைத்தது.

படம் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே, போர்ச்சூழலில், தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பற்சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட நாள் பார்த்திருந்தோர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர். பெட்டிகளைக் கட்டியவர்கள் மீண்டும் அவிழ்த்தனர். குழந்தைகள் அதே லயன் காம்பிராக்களில் பிறந்தன. அவ்வாறு எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேற 2003ஆம் ஆண்டு ஆயிற்று.